பட்டாவா, புறம்போக்கா? கிழக்கு சியராவில் காசில்லாமல் கூடாரம் போட ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவுக்கு வந்த முதல் கோடையில் நம்மில் பாதிப் பேர் செய்யும் வேலை ஒன்று உண்டு. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கேம்ப்கிரவுண்ட், அதாவது கூடாரம் போட ஒதுக்கிய இடத்துக்கான முன்பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும் என்று தெரிந்துகொண்டு, வீட்டில் இருக்கிற லேப்டாப், போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்து உட்காருவது. 7:01-க்கு எல்லாம் போயிருக்கும். அடுத்து ஹோட்டல் விலையைப் பார்ப்போம். அப்புறம் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுவோம்.

அதே யோசெமிட்டிக்குள் நுழைந்து, 9,943 அடி உயரத்தில் இருக்கும் டியோகா கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கிப் பாருங்கள். மோனோ ஏரி தெரியும். அங்கே 395-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் லீ வைனிங், மாமத் லேக்ஸ், பிஷப், பிக் பைன், லோன் பைன் என்று சுமார் 125 மைலுக்கு மேற்கே சியரா மலைச்சுவர் கூடவே வரும். பிஷப் பக்கம் கிழக்கே வெள்ளை மலைத்தொடர். இந்த இரண்டுக்கும் நடுவிலும் சரிவுகளிலும் காசு கொடுக்காமல், முன்பதிவு செய்யாமல் சட்டப்படியே கூடாரம் போட்டுத் தூங்க ஏராளமான இடம் இருக்கிறது. இதற்கு அமெரிக்காவில் ‘டிஸ்பர்ஸ்ட் கேம்பிங்’ என்று பெயர். கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, பொது நிலத்தில், ஒதுங்கி ஓர் இடத்தில் தங்குவது. மேசை கிடையாது, குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. கேட்க ஆளும் இல்லை, கேட்டுப் போகவும் ஆள் இல்லை.

புதிதாக வருபவர்கள் இடத்தைத் தேடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் நிலத்தின் சொந்தக்காரரைத் தேடுங்கள். அது தெரிந்துவிட்டால் இடம் தானாகக் கிடைக்கும்.

முதல் வேலை: நிலம் யாருடையது?

ஊரில் மனை வாங்கப் போனால் பட்டா யார் பேரில், புறம்போக்கா என்று பார்ப்போமே, அதே புத்திதான் இங்கும் வேண்டும். 395-ஐ ஒட்டி நான்கைந்து வகைச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது ஃபாரஸ்ட் சர்வீஸ். விவசாயத் துறையின் கீழ் வருவது. இங்கே அவர்களுடையது இன்யோ தேசியக் காடு, சுமார் 20 லட்சம் ஏக்கர். வரைபடங்களில் பச்சை நிறத்தில் இருக்கும். இரண்டாவது பிஎல்எம் என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மை அலுவலகம், உள்துறையின் கீழ். வரைபடத்தில் மஞ்சள். பொதுவாகப் பச்சையும் மஞ்சளும்தான் நமக்கு. ‘இங்கே கூடாது’ என்று அறிவித்த பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் தங்கலாம். பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள் வரைதான். வார இறுதிக்குப் போகிற நமக்கு அது பிரச்சினையே இல்லை.

மூன்றாவது தேசியப் பூங்கா. யோசெமிட்டி எல்லைக்குள் சாலையோரம் தூங்கவே கூடாது, காருக்குள்ளும் கூடாது. பூங்காவில் கற்ற விதியைக் காட்டுக்கும், காட்டு விதியைப் பூங்காவுக்கும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு சட்டம்.

நான்காவதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். பிஷப்பைச் சுற்றி, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தரையில், ஆற்றங்கரையில், பார்க்க அப்படியே பொது நிலம் போலத் தெரியும் பெரும் பரப்பு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நீர், மின் துறைக்குச் சொந்தம். 200 மைலுக்கு அப்பால் இருக்கும் நகரத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். தண்ணீர்தான். 1913-இல் ஓவன்ஸ் நதி நீரைக் கால்வாய் வழியே லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனார்கள். நீருரிமைக்காக இந்தப் பக்கத்துப் பண்ணை நிலங்களை வாங்கிப் போட்டதில் இன்றைக்கு இன்யோ, மோனோ கவுண்டிகளில் 3 லட்சம் ஏக்கர் அளவுக்கு அவர்கள் கையில் இருக்கிறது. பகலில் மீன் பிடிக்கலாம், நடக்கலாம். கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. வேலி இல்லையே என்று நினைத்து ஆற்றோரம் கூடாரம் அடித்துவிட்டு நடுராத்திரி எழுந்து மடித்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது தனியார் நிலமும் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலமும். அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

கையா ஜிபிஎஸ், ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் நில உரிமையைக் காட்டும் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு 395 நெடுகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் புரிந்துவிடும். இந்த ஒரு மணி நேரத்தை வீட்டில், வைஃபை இருக்கும்போதே செலவழியுங்கள். மலையில் சிக்னல் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அந்தக் கறுப்பு வெள்ளை வரைபடம்

நிலம் பச்சை என்பதால் எந்த மண் பாதையிலும் காரை விடலாம் என்று இல்லை. எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்று ஃபாரஸ்ட் சர்வீஸ் ஒரு வரைபடம் வெளியிடுகிறது. மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப், சுருக்கமாக ‘எம்வியுஎம்’ என்பார்கள். இலவசம். பார்க்க மோசமான ஜெராக்ஸ் பிரதி மாதிரி இருக்கும். மலையும் தெரியாது, மரமும் தெரியாது, கோடுகளும் எண்களும்தான். ஆனால் சட்டம் அதில்தான் இருக்கிறது. அந்த வரைபடத்தில் இல்லாத சாலை, கண்ணெதிரே டயர் தடத்தோடு இருந்தாலும், வண்டிக்கு மூடிய சாலைதான்.

அவென்ஸா என்ற செயலியில் இதை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலே நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். சாலை தொடங்கும் இடத்தில் முழங்கால் உயரத்தில் ஒல்லியான பழுப்புக் கம்பம் ஒன்று நிற்கும், அதில் எண் இருக்கும். வரைபடத்து எண்ணும் கம்பத்து எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சில சாலைகளின் ஓரத்தில் புள்ளி வரிசை போட்டிருந்தால், அங்கே தங்குவதற்காகச் சாலையை விட்டு வண்டியைச் சற்று உள்ளே எடுத்துப் போகலாம் என்று பொருள். இல்லாத இடத்தில் வண்டி சாலையோரத்தில் நிற்கட்டும், கூடாரத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடங்கள்.

ரேஞ்சரிடம் கேட்க மூன்று கேள்விகள்

லீ வைனிங், மாமத் லேக்ஸ், பிஷப், லோன் பைன் ஆகிய நான்கு ஊர்களிலும் பார்வையாளர் மையம் இருக்கிறது, அங்கே ரேஞ்சர், அதாவது வன அலுவலர், இருப்பார். கூச்சப்படாமல் உள்ளே போங்கள். ‘நல்ல இடம் எது’ என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்வார்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் குறித்து வைத்திருக்கும் சாலை எண்ணைக் காட்டி இப்படிக் கேளுங்கள்: இந்தச் சாலையில் என் கார் போகுமா? இதன் பக்கத்தில் தங்கக் கூடாத பகுதி எது? இன்றைக்குத் தீத் தடை எந்த நிலையில் இருக்கிறது?

இரண்டாவது கேள்வி முக்கியம். ஊர்களை ஒட்டியும், ஏரிகள் நிறைந்த, கூட்டம் வரும் பள்ளத்தாக்குகளிலும் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே தங்கத் தடை இருக்கும். மாமத் ஊரைச் சுற்றியும் அப்படித்தான். அழகான ஏரிக்கரையில் இலவச இடம் கிடைக்கும் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். இலவச இடங்கள் பெரும்பாலும் பைன் காட்டுக்குள்ளோ, சேஜ் புதர் மண்டிய மேட்டிலோதான். மோசமில்லை. ஜெஃப்ரி பைன் மரத்தின் பட்டையில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா வாசனை அடிக்கும். ஏரிக்கு எத்தனை பேர் அடித்துக்கொண்டாலும் இந்த வாசனைக்குப் போட்டி கிடையாது.

தீ அனுமதிச் சீட்டு

கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே நெருப்பு மூட்ட மட்டுமல்ல, காஸ் அடுப்பு பற்றவைக்கவும் கலிஃபோர்னியாவில் ‘கேம்ப்ஃபயர் பெர்மிட்’ வேண்டும். இணையத்தில் இலவசம். சின்னக் காணொளி ஒன்றைப் பார்த்துச் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் சீட்டு வந்துவிடும். டிசம்பர் 31 வரை செல்லும். அச்செடுத்தோ போனில் சேமித்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் தீத் தடை வந்துவிட்டால் இந்தச் சீட்டு இருந்தாலும் விறகு, கரி எதுவும் கூடாது. திருகி அணைக்கும் குமிழ் உள்ள காஸ் அடுப்பு மட்டும்தான். ஜூலை, ஆகஸ்ட்டில் போவதானால் நெருப்பைச் சுற்றி உட்காரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள்.

சரி, எங்கே போவது?

முதல் தடவையே ஆளில்லாக் காட்டில் தங்க வேண்டாம் என்பது என் கட்சி. நடுவில் ஒரு படி இருக்கிறது: காசு வாங்காத கேம்ப்கிரவுண்டுகள். மாமத் லேக்ஸுக்கும் ஜூன் ஏரிக்கும் இடையே கிளாஸ் க்ரீக், டெட்மேன், ஹார்ட்லி ஸ்பிரிங்ஸ், பிக் ஸ்பிரிங்ஸ் என்று சில இன்யோ காட்டுக்குள் இருக்கின்றன. வெகுகாலமாகக் கட்டணம் இல்லாதவை. கழிப்பறை இருக்கும், குடிநீர் இருக்காது. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். எல்லாம் 7,000 அடிக்கு மேல், அதனால் பனி உருகியபின் அக்டோபர் வரைதான் பயன்படும். கட்டணமும் திறப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, ரேஞ்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பகலில் அதே பகுதியின் மண் சாலைகளில் நிதானமாகச் சுற்றினால், கல் வட்டம் போட்டு ஏற்கெனவே பலர் தங்கிய இடங்கள் கண்ணில் படும். அடுத்த பயணத்துக்கு உங்கள் இடம் தயார்.

வானம் பார்க்க வேண்டுமானால் கிழக்குப் பக்கம் ஏறுங்கள். பிக் பைனிலிருந்து வெள்ளை மலைக்குப் போகும் பாதையில் 8,600 அடியில் கிராண்ட்வியூ கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. தண்ணீர் அறவே இல்லை, கீழிருந்து கொண்டுபோக வேண்டும். நகர வெளிச்சம் எட்டாத இடம், நிலவில்லாத இரவில் பால்வெளி தலைக்கு மேல் கிடக்கும். அதற்கும் மேலே 4,800 ஆண்டுகளைத் தாண்டிய பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள் நிற்கும் காடு. அந்தக் காட்டுக்குள் தங்கக் கூடாது, பகலில் போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

லோன் பைனை ஒட்டிய அலபாமா ஹில்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விட்னி சிகரத்தின் அடியில், உருண்டைப் பாறைகளுக்கு நடுவே, பிஎல்எம் நிலம். படம் நன்றாக வரும் என்பதாலேயே கூட்டம் குவிந்து, இஷ்டத்துக்குக் காரை ஓட்டிப் புதர்களை அழித்துவிட்டார்கள். 2019-இல் அது தேசிய இயற்கைக் காட்சிப் பகுதி ஆனது. இப்போது குறித்த இடங்களில் மட்டும், அனுமதிச் சீட்டோடுதான் தங்க முடியும். ‘எங்கே வேண்டுமானாலும் போடலாம்’ என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். உயரம் குறைவு, ஜூலையில் வறுத்தெடுக்கும். இலையுதிர் காலமும் வசந்தமும்தான் அதற்குச் சரி.

மாலை 4 மணி விதி

எங்கள் முதல் பயணத்தில் இரவு 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். யாரோ ஒருவர் செயலியில் குத்தி வைத்திருந்த புள்ளியை நம்பி, டெட்மேன் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதையில் சாதாரண செடான் காரைத் திருப்பினேன். இருநூறு அடி போனதும் சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. காலையில்தான் தெரிந்தது, அது மண்ணே இல்லை. 600, 700 ஆண்டுகளுக்கு முன் பக்கத்து எரிமலைகள் கக்கிய நுரைக்கல் துகள். ரவை மேல் கார் ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அன்று இரவு காருக்குள் உட்கார்ந்தே தூங்கினோம். என் மனைவி அதைப் பற்றி இன்றுவரை எதுவும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

காலையில் அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கு, சக்கரத்துக்கு முன்னால் தோண்டு, கால்மிதியை அடியில் விரி, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதி. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அன்று முதல் காரில் ஒரு சின்ன மண்வாரி, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், காற்றுள்ள ஸ்டெப்னி மூன்றும் நிரந்தரம். காற்றை இறக்கினால் தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும்.

ஆக, மாலை 4 மணிக்குள் அந்த வட்டாரத்தில் இருங்கள். குறைந்தது மூன்று இடங்களைக் குறித்து வைத்திருங்கள். முதல் இரண்டில் ஆள் இருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். சந்தேகமான பாதையில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு அப்புறம் காரை விடுங்கள். மூன்றும் சரிவரவில்லையா, கட்டணக் கேம்ப்கிரவுண்டுக்குப் போய்விடுங்கள். வாசலில் இரும்புப் பெட்டி நிற்கும், ‘அயர்ன் ரேஞ்சர்’ என்பார்கள். பணத்தை உறையில் போட்டு உள்ளே தள்ளிவிட்டு, கிழித்த சீட்டை உங்கள் இடத்துக் கம்பத்தில் மாட்ட வேண்டும். சில்லறை டாலர்களை வைத்திருங்கள், உறை மீதி கொடுக்காது.

இடத்தில் இறங்கியதும்

புதிதாக இடம் உண்டாக்காதீர்கள். ஏற்கெனவே மண் இறுகி, புல் இல்லாமல் இருக்கும் இடமே சரி. ஓடை, ஏரியிலிருந்து 200 அடியாவது தள்ளி. தலைக்கு மேல் பார்க்க மறக்காதீர்கள்: பட்ட மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள், மாலையில் காற்று பலமாக வரும். வறண்ட ஓடைப் படுகை மட்டமாக, மெத்தென்று ஆசை காட்டும். கோடையில் பிற்பகல் இடிமழை மலைமேல் பெய்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

பகலில் சட்டை ஒட்டும் வெயில் அடித்தாலும் ஜூலை இரவில் 8,000 அடியில் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கலாம். ஊர்க் கம்பளி போதாது. கூடாரத்தை விட, உடலுக்கும் தரைக்கும் நடுவே போடும் மெத்தை விரிப்புதான் குளிரைத் தடுக்கும். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறுவதால் முதல் இரவு தலைவலி வருவது சகஜம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், பியரை மறுநாளைக்கு வையுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

சோறும் கரடியும்

9,000 அடியில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் விடிய விடியக் கொதித்தாலும் நெறுக்கென்றே இருக்கும். இரண்டு லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். காட்டு அமைதியில் முதல் விசில் அடிக்கும்போது பக்கத்துக் கூடாரத்தார் துள்ளி எழுவார்கள், ஒரு கரண்டி சாம்பார் கொடுத்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள். முதல் இரவுக்கு மட்டும் வீட்டிலிருந்தே புளியோதரை. வந்த களைப்பில் யாரும் அடுப்பு பற்றவைக்கப் போவதில்லை.

கலிஃபோர்னியாவின் மாநிலக் கொடியில் இருக்கும் கிரிஸ்லி கரடி அங்கே 1920-களிலேயே அற்றுப்போனது. இப்போது இருப்பது கருங்கரடி. ஆளைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். நம் பெருங்காயமும் ஊறுகாயும் அதற்கு அரை மைல் தள்ளியே தெரியும். கேம்ப்கிரவுண்டில் இரும்புப் பெட்டி இருந்தால் அதற்குள் பூட்டுங்கள். இல்லாத இடத்தில் ‘பேர் கேனிஸ்டர்’ என்ற கெட்டி டப்பா. மலையேற்றச் சாமான் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். அதைக் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளித் தரையில் வைக்க வேண்டும். பற்பசை, சன்ஸ்கிரீன், குழந்தையின் பிஸ்கட் தூள் ஒட்டிய பை எல்லாம் கரடி கணக்கில் சாப்பாடுதான். கூடாரத்துக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது.

தண்ணீரும் மற்றதும்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், பாத்திரம் கழுவத் தனியாக. நம் சமையலுக்கு அந்தத் தனிக் கணக்கு பெரிதாகவே வரும். ஓடை நீர் பளிங்கு போல இருந்தாலும் வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும், வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. பாத்திரத்தை ஓடையில் கழுவ வேண்டாம். நீரை எடுத்து வந்து, தள்ளி வைத்துக் கழுவுங்கள்.

காலைக்கடன் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே எல்லோரும் கேட்கிறார்கள். நீர்நிலை, பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்து மூட வேண்டும். காகிதத்தைப் புதைக்கக் கூடாது, ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த வறண்ட மண்ணில் அது மக்க வெகுகாலம் ஆகும். கழுவிப் பழகிய நமக்கு இங்கே ஒரு வசதி: ஒரு குப்பி தண்ணீர் போதும், காகிதமே வேண்டாம்.

கிளம்பும் காலை

நெருப்பு அனுமதிக்கப்பட்டு மூட்டியிருந்தால், கிளம்புவதற்கு அரை மணி முன்பே அணைக்கத் தொடங்குங்கள். தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று. புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், துளி சூடு இருந்தாலும் இன்னொரு வாளி. வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள், மரப்பூச்சி பரவும். அந்தந்த ஊரிலேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

குப்பையைக் காரில் வைக்க ஒரு மூடி போட்ட வாளி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் நாற்றம் அடிக்காது. பெட்ரோல் 395 நெடுக விலை அதிகம், ஊர்களுக்கு நடுவே பங்க்கும் கிடையாது. பாதித் தொட்டி ஆனதுமே அடுத்த ஊரில் நிரப்புங்கள். டியோகா கணவாய் நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசியோ ஜூனோ ஆகும் திறக்க. கிளம்பும் நாள் காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். மூடியிருந்தால் சியராவை முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.